ஐ.டி.வி. 5.60 லட்சம், கம்பெனி சொல்லும் மதிப்பு 4.35 லட்சம்: கையெழுத்துப் போடலாமா?

வாசகியின் கடிதம்

மத்திய மாவட்டம் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கார் மாடல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2022 மார்ச்சில் அவர் பெயரில், வங்கிக் கடனில், 1,200 சி.சி. பெட்ரோல் கார் ஒன்று வாங்கினார்கள். ஷோரூம் விலை 8 லட்சம். வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 9.40 லட்சம். 2025 மார்ச்சில் ஆன்லைனில் பார்த்து வேறு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாறினார்கள். பாலிசியில் ஐ.டி.வி. (வண்டிக்கு ஒப்புக்கொண்ட மதிப்பு) 5,60,000 ரூபாய், ஜீரோ டெப்ரிசியேஷனும் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத சேர்க்கை) உண்டு. நவம்பரில் அவருடைய கணவர் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில், பாடாலூர் பக்கம், குறுக்கே வந்த பைக்கைத் தவிர்க்க ஸ்டியரிங்கை ஒடித்ததில் கார் சென்டர் மீடியனில் மோதிக் கவிழ்ந்தது. ஏர்பேக் விரிந்ததால் உயிர் தப்பினார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. பைக்காரர் நிற்கவே இல்லை.

சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் 4,90,000. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்துவிட்டு "டோட்டல் லாஸ்", அதாவது முழு நஷ்டம், என்றார். அதுவரை சரி. அதன் பிறகு கம்பெனியிலிருந்து வந்த மெயிலில், "இந்த மாடலின் இன்றைய சந்தை விலை 4,35,000. உடைந்த வண்டிக்கு 1,40,000 கிடைக்கும், அதை நீங்களே விற்றுக்கொள்ளலாம். பாலிசிதாரர் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக 2,94,000 தருகிறோம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு 7 நாளில் அனுப்பாவிட்டால் ஃபைல் மூடப்படும்" என்று இருந்தது. வங்கிக்கு இன்னும் 2,10,000 பாக்கி. சர்வீஸ் சென்டரோ வண்டியை நிறுத்தி வைக்க நாளுக்கு 500 ரூபாய் கேட்கிறது.

"9.40 லட்சம் கொடுத்து வாங்கிய வண்டிக்கு 2.94 லட்சமா? ஜீரோ டெப் இருந்தால் முழுப் பணமும் தர வேண்டாமா? பேசாமல் ரிப்பேரே செய்துகொள்ளலாமா? உடனே நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?" என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "2024 ஆகஸ்டில் பம்பருக்காகப் பழைய கம்பெனியில் ஒரு சின்ன கிளெய்ம் வாங்கினோம். அது இதில் வராதுதானே?"

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் மணிக்கட்டு முறிவோடு தப்பியதில் நிம்மதி. இனி பண விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒன்று: அந்தச் சம்மதக் கடிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 7 நாள் என்பது கம்பெனி தன் வசதிக்காக வைத்த கெடு. அதற்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பிவிட்டால், உங்கள் உரிமை எங்கும் போய்விடாது. ஃபைலை மூடினாலும் அதை எதிர்த்து மேலே போகலாம்.

சந்தை விலைப் பேச்சு மார்ச்சிலேயே முடிந்துவிட்டது

உங்கள் மனத்தில் இருக்கும் 9.40 லட்சத்தை மறந்துவிடுங்கள். அதில் சாலை வரியும் வாங்கும்போது போட்ட இன்சூரன்ஸும் சேர்ந்திருக்கின்றன. வாங்கிய பில் விலையைத் தருவது "ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்" என்ற தனிச் சேர்க்கை. நீங்கள் எழுதியதில் அது இல்லை. பாலிசியை ஒருமுறை பாருங்கள், இருந்தால் கணக்கே மாறிவிடும்.

ஆனால் கம்பெனி சொல்லும் 4.35 லட்சமும் தவறு. ஐ.டி.வி. எப்படி வந்தது என்று பாருங்கள். காரின் பட்டியல் விலையில் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழிப்பதுதான் முறை: 6 மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, 2 வருடம் வரை 20, 3 வருடம் வரை 30, 4 வருடம் வரை 40, 5 வருடம் வரை 50. அதற்கு மேல் வயதான காருக்கு இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். புதுப்பிக்கும்போது உங்கள் காருக்கு 3 வயது. 8 லட்சத்தில் 30 சதவீதம் போனால் சரியாக 5.60 லட்சம். நீங்கள் இஷ்டத்துக்கு ஏற்றிப் போட்ட தொகை அல்ல அது. அவர்கள் அட்டவணையே தந்த தொகை. அதற்குத்தான் பிரீமியமும் வாங்கினார்கள்.

தனியார் கார்களுக்கான வழக்கமான பாலிசி வாசகத்தில், டோட்டல் லாஸ் கிளெய்முக்கு ஐ.டி.வி.யே பாலிசி காலம் முழுவதும் சந்தை விலையாகக் கருதப்படும், மேற்கொண்டு தேய்மானம் கழிக்கப்படாது என்று எழுதியிருக்கும். பாலிசி எடுத்தபோது உங்களுக்கு மெயிலில் வந்த இரண்டு மூன்று பக்கத்தில் இது இருக்காது. அது வெறும் விவரப் பட்டியல். முழு வாசகம் தனி ஆவணமாகக் கம்பெனியின் இணையதளத்தில் கிடைக்கும். அதை இறக்கி இந்த வரியைத் தேடி, பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். உங்கள் வழக்கின் முதுகெலும்பே அதுதான்.

பழைய கார் விற்கும் தளங்களில் நாலு விளம்பரத்தைப் பார்த்து "இன்றைய விலை இதுதான்" என்று சர்வேயர் எழுதுவது அடிக்கடி நடக்கிறது. பிரீமியம் வாங்கும்போது ஒரு விலை, பணம் கொடுக்கும்போது வேறொரு விலை என்பதை உச்ச நீதிமன்றம் 2008-லேயே, தர்மேந்திர கோயல் எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில், ஏற்கவில்லை. ஒரு மதிப்பை ஒப்புக்கொண்டு பிரீமியம் பெற்ற கம்பெனி, பிறகு அந்த மதிப்பையே மறுக்க முடியாது என்றது. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த வழக்கில் ஏழு மாத ஓட்டத்துக்காக 10,000 ரூபாயை நீதிமன்றமே கழித்தது. கம்பெனி வக்கீல் அதைப் பிடித்துக்கொள்ளலாம். மேற்கொண்டு தேய்மானம் இல்லை என்ற பாலிசி வரிதான் அதற்கு உங்கள் பதில். சர்வேயர் அறிக்கை முக்கியமான சாட்சியம், ஆனால் அதுவே முடிந்த முடிவு அல்ல என்றும் உச்ச நீதிமன்றம் 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் கூறியிருக்கிறது.

ஆக, உங்களுக்கு வரவேண்டியது 5,60,000-இல் கட்டாயக் கழிவு 1,000 போக 5,59,000. உடைந்த வண்டியை நீங்களே வைத்துக்கொண்டால் 4,19,000. அவர்கள் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் 1,25,000 ரூபாய். பிரீமியத்தைக் குறைக்க நீங்களாக முன்வந்து ஏற்கும் கழிவு எதையும் ஆன்லைனில் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும் போகும். பாலிசியில் சரிபாருங்கள்.

ஜீரோ டெப் பற்றி ஒரு தவறான எண்ணம்

"பம்பர் டு பம்பர்" என்று விற்கப்படுவதால் எது நடந்தாலும் முழுப் பணம் வரும் என்று பலரும் நம்புகிறார்கள். அது ரிப்பேர் கிளெய்முக்கு மட்டும்தான் வேலை செய்யும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் போன்றவற்றுக்கு 50 சதவீதம், ஃபைபருக்கு 30 சதவீதம், இரும்புப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்து ஒரு பங்கு என்று கழிப்பார்கள். ஜீரோ டெப் அந்தக் கழிவைத் தடுக்கும். டோட்டல் லாஸில் பாகங்களின் கணக்கே கிடையாது என்பதால் அங்கே அதற்கு வேலை இல்லை.

ஆனாலும் உங்களுக்கு அது மறைமுகமாக உதவியிருக்கிறது. பாலிசி விதிகளின்படி வரும் ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் டோட்டல் லாஸ். உங்களுக்கு அந்தக் கோடு 4,20,000. ஜீரோ டெப் இல்லாவிட்டால் 4.90 லட்சம் எஸ்டிமேட்டில் கழிவுகள் போய்ச் செலவு கோட்டுக்குக் கீழே வந்திருக்கலாம். கையில் கிடைப்பது குறைந்து, மீதியைச் சொந்தக் காசில் போட வேண்டியிருந்திருக்கும்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பெனி இப்போது பின்வாங்கி, "சரி, டோட்டல் லாஸ் வேண்டாம், ரிப்பேர் செய்து தருகிறோம்" என்று எஸ்டிமேட்டைக் குறைத்துக் காட்டலாம். கவிழ்ந்த வண்டி. கூரையும் தூண்களும் வளைந்திருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரிப்பேருக்குப் போக மாட்டேன். பிரித்த பிறகு எஸ்டிமேட் ஏறும் என்பது வொர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதோடு, விபத்துக்குள்ளான கார் என்பதால் பின்னால் விற்பனை விலை சரிந்தால் அந்த நஷ்டத்தைப் பாலிசி ஈடு செய்யாது. ரிப்பேருக்கு ஒப்புக்கொள்வதாக இருந்தால், பழுது முழுவதும் அவர்கள் செலவு, பிரித்த பின் வரும் கூடுதல் செலவும் சேர்த்து, என்று எழுத்தில் வாங்குங்கள். அப்போது 75 சதவீதக் கோட்டை மீண்டும் தாண்டினால் டோட்டல் லாஸாக மாற்ற வேண்டும் என்பதையும் சேருங்கள்.

உடைந்த வண்டியும் ஆர்.சி.யும்

நீங்கள் கடிதத்தில் கேட்காத, ஆனால் எனக்கு அதிகம் கவலை தரும் விஷயம் இது. "1.40 லட்சத்துக்கு நீங்களே விற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வாங்குபவர் யார்? கம்பெனிகள் வழக்கமாக ஆன்லைன் ஏலத்தில் விலை கேட்டுத்தான் இந்தத் தொகையை எழுதுகின்றன. அந்த விலை சில நாட்களுக்குத்தான் நிற்கும். ஆகவே யார் கேட்டார், எவ்வளவு கேட்டார், எந்தத் தேதி வரை, ஆர்.சி.யோடா, ஆர்.சி. இல்லாமலா என்று எழுத்தில் கேளுங்கள். ஆர்.சி.யோடு விற்றால் விலை அதிகம், ஆர்.சி.யை ரத்து செய்து வெறும் இரும்பாக விற்றால் குறைவு. கழிக்கும் தொகையை ஆர்.சி.யோடு உள்ள விலையில் போட்டுவிட்டு, ஆர்.சி.யை ரத்து செய்து கொண்டு வா என்றும் சொன்னால் இரண்டு பக்கமும் உங்களுக்கு நஷ்டம். உங்களுக்கு நல்லது, வண்டியைக் கம்பெனியே எடுத்துக்கொண்டு ஐ.டி.வி.யை முழுதாகக் கொடுப்பது. அதை முதலில் கேளுங்கள்.

ஆர்.சி.யோடு விற்கத்தான் வேண்டும் என்றால், பெயர் மாற்றம் முடியும் வரை வண்டி சட்டத்தின் கண்ணில் உங்களுடையதுதான். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வருவது நம் ஊர் வழக்கம், ஆபத்தான வழக்கம். வாங்கியவர் ஒட்டிப் போட்டு ஓட்டும்போது யாராவது அடிபட்டால், பதிவில் உள்ள உரிமையாளர் என்ற முறையில் நஷ்ட ஈட்டு வழக்கு உங்கள் மேல் வரும். 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இதைவிட மோசமானது, டோட்டல் லாஸ் வண்டியின் சேஸிஸ் நம்பரைத் திருட்டு வண்டியில் பொறித்து ஓட்டுவது. போலீஸ் முதலில் தேடி வருவது ஆர்.சி.யில் பெயர் இருப்பவரைத்தான். வாங்குபவரின் அடையாள நகல், தேதியும் நேரமும் போட்ட ஒப்படைப்புச் சீட்டு, வங்கி வழியாகப் பணம் என்ற மூன்றும் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே அரசின் பரிவாகன் தளத்தில் பாருங்கள். ஃபாஸ்டேகைக் கழற்றி, கணக்கை மூடிவிடுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வண்டி இனி ஓடவே ஓடாது என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி 14 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இன்னும் எதுவும் முடிவாகாததால், கம்பெனி வண்டியை எடுக்கிறதா இல்லையா என்பதை விரைவாக எழுத்தில் கேட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு ஏதாவது திரும்ப வருமா என்றும் அங்கேயே விசாரியுங்கள்.

கடன் பாக்கி விஷயம் சுருக்கம்தான். ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருப்பதால் கம்பெனி பணம் முதலில் வங்கிக்குப் போகும். 2.10 லட்சம் கழிந்து மீதி உங்களுக்கு. அதுவரை இ.எம்.ஐ.யை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் சிபில் ஸ்கோரில் அடி விழுவது உங்களுக்குத்தான், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அல்ல. கடன் முடிந்ததும், ஆர்.சி.யிலிருந்து வங்கிப் பெயரை நீக்குவதற்கான 35-ஆம் படிவத்தையும் தடையில்லாச் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கடைசி வரி

"அது இதில் வராதுதானே?" என்று கேட்டீர்கள். வரலாம்.

கிளெய்ம் வாங்காத வருடங்களுக்கு என்.சி.பி. என்ற தள்ளுபடி உண்டு: முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50. 2024 ஆகஸ்டில் கிளெய்ம் வாங்கியதால் 2025 மார்ச்சில் உங்களுக்கு அது பூஜ்யமாகியிருக்க வேண்டும். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது "போன வருடம் கிளெய்ம் உண்டா?" என்று கேட்கும், அவசரத்தில் "இல்லை" என்று அழுத்திவிடுபவர்கள் ஏராளம். பாலிசியின் முதல் பக்கத்தில் என்.சி.பி. வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றிருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மூன்று வருடமும் கிளெய்மே இல்லை என்பதுபோல் 35 சதவீதம் என்று இருந்தால் விஷயம் வேறு. தவறான தகவல் தந்து தள்ளுபடி பெற்றதாகச் சொல்லி, சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் முழுவதையுமே கம்பெனி மறுக்கப் பார்க்கலாம். நுகர்வோர் ஆணையங்களில் இதற்கு இரண்டு விதமாகவும் தீர்ப்புகள் உண்டு. முழு மறுப்பை ஏற்றவையும் இருக்கின்றன, ஒரு பங்கைக் கழித்துவிட்டு மீதியைக் கொடுக்கச் சொன்னவையும் இருக்கின்றன. உங்கள் பக்கம் ஒரு வாதம் இருக்கிறது. புதுக் கம்பெனி, பாலிசி கொடுத்த 21 நாளில் பழைய கம்பெனிக்கு எழுதி என்.சி.பி.யைச் சரிபார்க்க வேண்டும் என்பது மோட்டார் டாரிஃப் (மோட்டார் இன்சூரன்ஸுக்கான பொது விதித் தொகுப்பு) விதி. அதைச் செய்யாமல், விபத்து நடந்த பிறகு மட்டும் விழித்துக்கொள்வது நியாயமில்லை என்று வாதிடலாம். ஜெயிப்பது உறுதி என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே இப்படி இருந்தால் உங்கள் கணக்கு மாறுகிறது. 1.25 லட்சத்துக்காகப் போராடும்போது, இப்போது தருவதாகச் சொல்லும் 2.94 லட்சமே கேள்விக்குள்ளாகலாம். பொய்யாக எதையும் எழுதாதீர்கள், கேட்டால் மறைக்காதீர்கள். கேட்டார்கள் என்றால் உண்மையைச் சொல்லி, அந்தத் தள்ளுபடித் தொகையைப் பிரீமியத்தோடு சரிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். இந்த நிலையில் 5.59 லட்சத்தில் பிடிவாதமாக நிற்காமல், நடுவில் ஒரு தொகைக்குப் பேசி முடிப்பதில் தவறே இல்லை. ஊரில் ஒரு வக்கீலிடம் பாலிசியைக் காட்டிவிட்டு இறங்குங்கள்.

அடுத்து செய்ய வேண்டியது

கம்பெனிக்கு ஒரு மெயில். நீளமாக வேண்டாம். "என் பாலிசியின் ஐ.டி.வி. 5,60,000. டோட்டல் லாஸ் என்பதை ஏற்கிறேன். சந்தை விலை 4,35,000 என்பதை ஏற்கவில்லை. எந்த விதியின்படி ஐ.டி.வி.யைக் குறைத்தீர்கள், எந்த ஆதாரத்தில் என்று தெரிவிக்கவும். சர்வேயர் அறிக்கையின் நகலும் உடைந்த வண்டிக்கு வந்த விலைக் கோரிக்கைகளும் வேண்டும். வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளவும். இனி ஏறும் பார்க்கிங் கட்டணம் உங்கள் தாமதத்தால் வருவது." இவ்வளவு போதும். போனில் பேசியதையெல்லாம் அன்றே ஒரு வரி மெயிலாக அனுப்பி வையுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி சர்வேயர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இழுத்தால் அதையும் மெயிலில் குறிப்பிடுங்கள்.

சர்வீஸ் சென்டரிடமும் எழுத்தில் கேளுங்கள்: 500 ரூபாய் எந்தத் தேதியிலிருந்து, எதன் அடிப்படையில்? வேலை ஆர்டரில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்றால் பேசிக் குறைக்கலாம். கம்பெனியின் எழுத்து அனுமதி இல்லாமல் மட்டும் வண்டியை வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள்.

கம்பெனிக்கு எழுதியும் நியாயம் கிடைக்காவிட்டால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும், ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் புகார். ஒரு மாதம் காத்திருந்தும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இரண்டு வழி.

ஒன்று, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்து உத்தரவிடும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். நமக்கான அலுவலகம் சென்னை, தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் இருக்கிறது. ஆன்லைனிலும் மனு தரலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் முடியாது, நீங்களே பேசுவீர்கள். 50 லட்சம் வரை உத்தரவிட அதிகாரம் உண்டு. கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அவர் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

இரண்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் கவலை இல்லை. கெடு 2 வருடம். இங்கே வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். காலம் பிடிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் போட முடியாது. என்.சி.பி. சிக்கல் இல்லையென்றால் முதலில் ஆம்பட்ஸ்மேனிடம் போகத்தான் நான் சொல்வேன்; உங்கள் கேள்வி பாலிசியின் ஒரே வரியைப் பற்றியது, அதற்கு நீண்ட விசாரணை தேவையில்லை.

நடுவில் பண நெருக்கடியால் அவர்கள் தரும் தொகையை வாங்க வேண்டி வந்தால்? "ஆட்சேபத்துடன் பெறுகிறேன், மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று முன்கூட்டியே மெயில் அனுப்பிவிட்டு வாங்குங்கள். முழுத் தீர்வாக ஏற்றதாகக் கையெழுத்திட்டவரும், அது நெருக்கடியிலோ ஏமாற்றியோ வாங்கப்பட்டது என்று காட்டினால் வழக்குப் போடலாம் என்று 1999-ல் அஜ்மீர் சிங் காட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதைக் காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலையில் விழும். அந்த மெயில்தான் அப்போது கை கொடுக்கும்.

உங்கள் கணவரின் சிகிச்சைச் செலவு இந்தப் பாலிசியில் வராது. அதிலுள்ள 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டியின் உரிமையாளரான உங்களுக்கானது, அதுவும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும். உங்கள் அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் கணவரும் சேர்ந்திருப்பார். ஆஸ்பத்திரி பில்களை எடுத்து வைத்து அங்கே விண்ணப்பியுங்கள்.